ஆறாம் நம்பர் ஷூ

இடது கால் சரி. வலது காலில்தான் சுண்டுவிரல் ஏதோ சொல்ல வருகிறது, என்ன சாமி உனக்கு என்று அம்சவேணி கேட்பதற்குள் தனபால் சார் விசிலை ஊதிவிட்டார், கால் இரண்டும் கிளம்பிவிட்டன. மெதுவா, மெதுவா, மெதுவா. காலை ஐந்தே முக்கால், ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இன்னும் விளக்கை அணைக்கவில்லை, மரத்து வாசமா, சூப் வண்டிக்காரர் வாழைத்தண்டைக் கொதிக்கவிடுகிற வாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வாசம், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், நாய் கூட்டிக்கொண்டு போக நடக்கிறவர்கள், பாதை முழுக்க அகலமாய் நாலு பேர் கைகோத்துக்கொண்டு அரசியல் பேசுகிறவர்கள். இவர்களுக்கு நடுவில் நாற்பத்தாறு வயதில் ஒருத்தி, கையில் கட்டின வாட்சுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அடிபட்டது கைக்கா வாட்சுக்கா என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பரீட்சை அப்படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். அதில் கொடி பிடித்து ஓடுகிற பேஸர்கள் இருப்பார்கள், இரண்டு மணி என்று எழுதி ஒரு கொடி, இரண்டேகால் என்று ஒரு கொடி, இரண்டரை என்று ஒரு கொடி. எத்தனை மணி நேரத்தில் முடிக்க ஆசையோ அந்தக் கொடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால் போதும், மிச்சத்தைக் கொடி பார்த்துக்கொள்ளும். கொடி பிடிக்கிறவர் வேகமாய் ஓடிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் பாதி வழியில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவார்கள், மெதுவாய் ஓடினால் முடிக்கிற இடத்தில் வந்து சண்டைக்கு நிற்பார்கள். அதனால்தான் ஓட்டக் குழுவின் கேப்டன் தனபால் இப்படி ஒரு பரீட்சை வைப்பார். வாட்சை மூடிக்கொண்டு மூன்று ரவுண்டு ஓட வேண்டும். ரவுண்டு இரண்டரை கிலோமீட்டர். இரண்டரை மணிக் கொடி வேண்டுமென்றால் ரவுண்டுக்குப் பதினேழு நிமிஷம் நாற்பத்தாறு விநாடி, பத்து விநாடி முன்னே பின்னே போனால் மன்னிப்பு உண்டு. முதல் இரண்டு ரவுண்டில் தப்பினால் திட்டுவார், மூன்றாவதில் தப்பினால் கொடி கிடையாது. எட்டு மணிக்குப் பட்டியலை அனுப்பிவிடுவார், அதற்கப்புறம் ஆளை மாற்ற முடியாது. மூச்சு சீராகத்தான் இருக்கிறது. பாட்டுப் பாடலாம் போல இருக்கிறது. பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தால் மெதுவாய்ப் போகிறோம் என்று அர்த்தம், நல்லது, இப்படியே போகலாம்.

இந்த லட்சணத்தில் காலில் இந்த ஷூ வேறு. மெதுவாய் ஓடுகிற பரீட்சைக்கு எவளாவது பந்தய ஷூவைப் போட்டுக்கொண்டு வருவாளா? அம்சவேணி வருவாள். ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, வீட்டில் பெட்டிக்குள் ஒரு புது ஷூ இருக்கும்போது பழையதில் கால் நுழையவே நுழையாது. குழுவுக்கு வேண்டப்பட்ட கடைக்காரர் ஒருவர் ஒரு ஜோடியைக் கொடுத்து, யாராவது ஓடிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். பெண்களுக்கான ஆறாம் நம்பர். குழுவில் ஆறாம் நம்பர் கால் அம்சவேணிக்கு மட்டும்தான் இருந்தது, இப்படி ஒரு தகுதியில் அவளுக்கு வாழ்க்கையில் எதுவுமே கிடைத்ததில்லை. ஓடுகிறவர்களிடம் தினமும் ஓடிப் பழகுவதற்கு ஒரு ஷூ, பந்தயத்துக்கு ஒரு ஷூ என்று இரண்டு இருக்கும். பழகுகிற ஷூ கனமாய், மெத்தென்று, நாள்பட உழைக்கும். பந்தய ஷூவோ எடையே இருக்காது, அடி மெத்தைக்குள் விறைப்பாய் ஒரு தகடு வைத்திருப்பார்கள், அது காலை முன்னால் தள்ளிவிடும், ஆனால் மெதுவாய் ஓடினால் முரண்டு பிடிக்கும். இது இரண்டுக்கும் ஆகுமாம். தகடும் உண்டாம், தினமும் போட்டு ஓடவும் செய்யலாமாம். இதைக் கேட்டுவிட்டு லோகநாதன் நேற்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏன் அம்சா, வீட்ல பல்லு வெளக்க ஒரு பிரஷ்ஷு, ஒறம்பரை வீட்டுக்குப் போனா பல்லு வெளக்க ஒரு பிரஷ்ஷுன்னு வெச்சிருக்கறமா? ஒரு ஷூவே ரெண்டுக்கும் ஆகும்னு கண்டுபுடிக்க இத்தன வருசமா ஆச்சு அவுங்களுக்கு?" என்று கேட்டார். புருஷன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பருப்பு தீய்ந்துவிடும். சரி, வேலையைப் பார்ப்போம். குதிகால்: பிடித்துக்கொள்கிறது, வழுக்கவில்லை. நாக்கு: ஓரமாய் நகரவில்லை, அதுவே பெரிய விஷயம், போன ஷூவின் நாக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கயிறு: நீளம், ரொம்ப நீளம், இரண்டு முடிச்சுப் போட்டும் மீசை மாதிரி தொங்குகிறது. முன்பாதம்: அகலம் போதும், சுண்டுவிரலும் இப்போது வாயை மூடிக்கொண்டது. தகடு? தகடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கால் தரையில் படுகிறது, ஏதோ ஒன்று உருண்டுகொடுக்கிறது, கால் தானாக மேலே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அம்சவேணிக்கு எதையும் சட்டென்று நல்லது என்று சொல்கிற பழக்கம் இல்லை. மில்லில் நூல் சோதனைக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு, இருபத்திரண்டு வருஷமாய் நூலை இழுத்து அறுத்துப் பார்ப்பதே உத்தியோகம். ஒரு தடவை பார்த்துச் சொல்வது குருட்டு அதிர்ஷ்டம், இரண்டு தடவை பார்த்துச் சொல்வது அவசரம், மூன்று தடவை பார்த்த பிறகுதான் கையெழுத்து. மூன்று ரவுண்டு இருக்கிறதே, சரியாய்ப் போயிற்று. அந்தத் திருப்பத்தில் கருங்கல் பாவின இடம் ராத்திரி மழையில் ஈரமாய் இருந்தது, கொஞ்சம் பயந்துகொண்டேதான் வைத்தாள், வழுக்கவில்லை, அடி ரப்பர் சொன்ன பேச்சுக் கேட்டது. ஆகா. ஆகா என்று சொல்லக் கூடாது, இன்னும் இரண்டு ரவுண்டு இருக்கிறது. வெகுதூரம் முன்னால் போய்விட்ட அரசியல் பேசுகிற நாலு பேரையும் அதற்குள் எட்டிப்பிடித்துத் தாண்டினாள், ஒருத்தர், "பாத்துங்க, பாத்துங்க," என்று ஒதுங்கினார். இவர்களை எப்படி இத்தனை சீக்கிரம் தாண்டுகிறோம் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. தனபால் சார் கல்பெஞ்சில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தார், அவர் காலேஜில் கணக்கு வாத்தியார், முகத்தைப் பார்த்தாலே எத்தனை மார்க் என்று தெரிந்துவிடும். "பதினாலு நாப்பது!" என்று கத்தினார். "ஏனுங் அம்சவேணி, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

பதினாலு நாற்பதா? மூன்று நிமிஷம் முன்னதாகவா வந்துவிட்டாள்? பாட்டுப் பாடுகிற மாதிரி அல்லவா இருந்தது! எல்லாம் இந்தத் தகடு செய்கிற வேலை. திருட்டுத் தகடு. இருக்கிற இடம் தெரியாமல் இருந்துகொண்டு காரியத்தைப் பார்த்துவிட்டது. எழுதிவிட வேண்டியதுதான், பந்தயத்துக்கு ஆகும், பழகுவதற்கு ஆகாது, மெதுவாய் ஓடச் சொன்னால் கேட்காது, கையெழுத்து, அம்சவேணி லோகநாதன். இரு, இரு, இது ஒரு தடவை பார்த்தது. இப்போது மெதுவாய்ப் போய்ப் பார்ப்போம். காலைத் தூக்காதே, எட்டி வைக்காதே, நடக்கிற மாதிரி ஓடு. மெதுவாய்ப் போ புள்ள. அம்மா சொன்னது, கல்யாண மேடையைச் சுற்றும்போது கூட, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போறா பாரு என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அம்மா முழங்கையைப் பிடித்து, மெதுவாப் போ புள்ள. போனாள். மகன் சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு அவனுக்குத் தகுந்த மாதிரி ஓடினாள். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கருக்குப் பக்கத்தில் ஒரு மாதம் நடந்தாள், ஒரு அடி, நிற்பாள், ஒரு அடி, நிற்பாள். அதில் ஒன்றும் குறையில்லை, நன்றாய்த்தான் இருந்தது, மாமியார் ஊர்க்கதை பூராவும் அந்த வராந்தாவில்தான் சொன்னார். அதற்கு முன்னால், அதற்கும் முன்னால் உடுமலையில் ஒன்பதாம் வகுப்பு, எண்ணூறு மீட்டர். ஐயோ அந்த வசந்தாமணி! இரண்டு பேருமாய் முந்தின நாளே பேசிவைத்தது, யார் முன்னால் வந்தாலும் நின்று கூட்டிக்கொண்டு ரிப்பனை ஒன்றாய்த் தொடுவது, சத்தியம் பண்ணி அடித்துப் பேசியது. அம்சவேணி முப்பது அடி முன்னால் வந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், வசந்தாமணி வந்தாள், கையைப் பிடித்தாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், கடைசி நாலு அடியில் கையை உதறிவிட்டு வசந்தாமணி பாய்ந்தாள் பாருங்கள்! நெஞ்சில் ரிப்பனோடு திரும்பிப் பார்த்து, "மறந்துட்டன்டி!" என்றாளே! அவளுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், இவளுக்குச் சோப்பு டப்பா. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தும்விட்டாள், எதிரில் வந்த நாய்க்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மெதுவா. வேகம் ஏறுகிறது. மூச்சு கொஞ்சம் கனக்கிறது, காது சூடாகிறது, ஆனால் உள்ளே எங்கேயோ, சொன்னால் வெட்கம், உள்ளே எங்கேயோ குதித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் சோதனைக் கூடத்தில் ஒரு நூல் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்று, ஐம்பத்தொன்பது என்று எழுதிப் பார்த்தாள். ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம். இரண்டு மணிக்குள் அரை மாரத்தான். எழுதினாள், நாலாய்க் கிழித்தாள், ஒரு துண்டைக் குப்பைத் தொட்டியிலும் மிச்சத்தைக் கைப்பையிலும் போட்டாள், ஏதோ கொலைக்குத் துப்பு கிடைத்துவிடும் மாதிரி. இதுவரை அவள் ஓடினதில் நல்ல நேரமே இரண்டு மணி பதினோரு நிமிஷம். அதுவும் போன வருஷம், மழையில். பயம்தான், வேறென்ன. கொடி பிடித்தவள் மெதுவாய் ஓடினால் பெருமை, எத்தனை பேரைக் கரை சேர்த்தாள் என்பார்கள். கொடி இல்லாதவள் மெதுவாய் ஓடினால் மெதுவாய் ஓடினாள் என்பார்கள், அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. பெயரும் நேரமும் ஊருக்கே தெரிகிற மாதிரி பட்டியலில் வரும், லோகநாதன் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. கொடி நல்லது. கொடி பாதுகாப்பு. அதுவுமில்லாமல் மில்லில் ஐந்து பெண்கள் முதல் தடவையாய் ஓடப்போகிறார்கள், அக்கா நீங்க கொடி புடிச்சாத்தான் நாங்க வருவம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? ஆக, ஷூ ஆகாது. தகடு கெட்டது. "பதினஞ்சு அம்பது!" தனபால் சார் எழுந்தே நின்றுவிட்டார். "கொடியத் தூக்கீட்டு ஓடறதுக்குப் பேரு பேஸர் இல்லீங், திருடன்! கடைசி ரவுண்டு, பாத்துக்குங்க!"

"அக்கா!" என்று ஒரு சத்தம், பக்கத்தில் ஷகிலா பானு. சோதனைக் கூடத்தில் இவளுக்கு அடுத்த மேஜை, இருபத்தொன்பது வயசு, அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலில் பழைய கேன்வாஸ் ஷூ, ஒன்றில் வெள்ளைக் கயிறு, ஒன்றில் பழுப்புக் கயிறு. "நானும் ஒரு ரவுண்டு வர்றேன்க்கா, பேசிட்டே போலாம்." பரீட்சை நடக்குது புள்ள, பேசக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள், பேசக் கூடாது என்று தனபால் சார் சட்டம் எதுவும் போட்டதாய் ஞாபகம் இல்லை, சரி வா என்றாள். ஷகிலா பேசினாள். மாமியார் பிரியாணிக்கு அரிசி ஊறவைத்துவிட்டு மறந்துபோனது, புது மேனேஜர் நூல்கண்டைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது, கைக்குழந்தை இரண்டு பல் முளைத்ததும் கடிக்கிற முதல் ஆள் தன் அம்மாதான் என்று முடிவு பண்ணிவிட்டது. அம்சவேணி ஆமாமா, அப்படியா என்று கேட்டுக்கொண்டே போனாள், போகப் போக ஒன்று உறைத்தது: ஷூ சும்மா இருக்கிறது. தள்ளவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, அடியில் விறைப்பாய் ஒன்றும் குத்தவில்லை, மெத்தென்று கீழே போகிறது, மெத்தென்று மேலே வருகிறது, பழைய ஷூவை விடவும் சாதுவாய். அட! அப்படியென்றால் இரண்டு ரவுண்டாய்த் தள்ளினது யார்? இதற்குப் பதில் தெரிந்துகொள்ளப் பிரியமில்லாமல், குனிந்து கயிற்றைப் பார்த்தாள், கயிறு அப்படியே இருந்தது. கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள், தகடு கொஞ்சம் வளைந்துகொடுத்தது. கேட்டால் கொடுக்கிறது, கேட்காவிட்டால் சும்மா இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் நூலைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா, மிஷின் சரியாயிருந்தும் நூல் அறுந்தால் குற்றம் பஞ்சில் என்று? அவள்தான். அவள்தான் ஓடினாள். பதினாலு நாற்பதும் அவளுடையது, பதினைந்து ஐம்பதும் அவளுடையது, பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது என்றால் பாடியவளும் அவள்தான். இது பயமா சந்தோஷமா என்று பார்த்தால் இரண்டும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு வருகின்றன. எட்டு மணிக்குப் பட்டியல் போய்விடும். இந்த ரவுண்டைச் சரியாய் முடித்தால் கொடி கைக்கு வந்துவிடும், வந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். "ஏன் ஷகி," என்றாள், "உனக்கு மூச்சு வாங்கலியா?" "எதுக்குங்க்கா?" என்றாள் ஷகிலா. உண்மையாகவே எதற்கு என்று தெரியாமல்தான் கேட்டாள். புறப்பட்டதிலிருந்து ஒரு வார்த்தை கூட அவள் வாயில் துண்டாகவில்லை, கால் சத்தமும் மாறவில்லை, மேட்டிலும் அதே சத்தம், திருப்பத்திலும் அதே சத்தம். கையில் வாட்சு கிடையாது. அப்போதுதான் அம்சவேணிக்கு மில்லில் ஷகிலாவின் வலது கை ஞாபகம் வந்தது. சோதனைக்கு நூல் சுற்றுகிற கை ராட்டு ஒன்று உண்டு, எண்பது சுற்று, வேகம் கூடினால் நூல் விறைக்கும், குறைந்தால் தொய்யும், எடை தப்பாய் வரும். அந்த ராட்டைச் சுற்ற ஷகிலாவை விட்டால் ஆள் கிடையாது, பக்கத்தில் சண்டை நடந்தாலும், மேனேஜர் வந்து நின்றாலும், கதை சொல்லிக்கொண்டே ஒரே மாதிரி சுற்றுவாள். அந்தக் கை இப்போது காலுக்கு இறங்கியிருக்கிறது. "அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்கல்ல?" என்று ஷகிலா குரலைத் தாழ்த்தினாள். "கொடி புடிக்கறதுக்கு இந்த சார் வெக்கற பரீட்சை, நாங்கெல்லாம் எழுதலாமுங்களா? இப்ப இல்லீங்க்கா, அடுத்த வருசம். சும்மா கேட்டேன்." அடுத்த வருஷமாம்! சும்மாவாம்! இவர்கள் தன்னை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கம் கெட்டதெல்லாம் எதற்கு? கொஞ்சம் ரோஷமாகக் கூட இருந்தது, கொஞ்ச நேரம்தான், பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்பு அடக்க மாட்டாமல் வந்தது, ஷகிலா, "என்னங்க்கா, என்னங்க்கா," என்று கேட்டுக்கொண்டே அதே காலடியில் வந்தாள்.

கல்பெஞ்சு வந்துவிட்டது. தனபால் சார் ஸ்டாப்வாட்சை அமுக்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், இன்னொரு தடவை பார்த்தார். "பதினேழு நாப்பத்தாறு," என்றார். "ஒரு விநாடி முன்ன இல்ல, ஒரு விநாடி பின்ன இல்ல. எட்டு வருசமா இந்தப் பரீட்சை வெக்கறனுங், இப்படி ஒருத்தரும் ஓடினதில்லை. ரெண்டு ரவுண்டு என்னைய ஏமாத்திப்போட்டீங்களே அம்சவேணி! புடிங்க." பெஞ்சுக்குப் பின்னாலிருந்து கொடியை எடுத்து நீட்டினார். மஞ்சள் துணி, இரண்டரை என்று கறுப்பில் எழுதியிருந்தது, மூங்கில் குச்சி வழவழவென்று இருந்தது. வாங்கிக்கொண்டால் முடிந்தது. வாங்கிக்கொண்டு, நன்றிங்க சார் என்று சொல்லிவிட்டு, ஒரு வாழைத்தண்டு சூப் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தோசை வார்க்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அம்சவேணி கையை நீட்டவில்லை.

"சார், அந்த நேரம் என்னுதில்லீங்க," என்றாள்.

"பின்ன?"

"இவுளுது. நான் சும்மா பக்கத்துல வந்தனுங்க. என்னைத் தனியா விட்டா என்ன ஆகும்னு மொத ரெண்டு ரவுண்டுல பாத்தீங்கல்ல. இவ பேரு ஷகிலா பானு. வாட்சுக்கு இவுளுக்குப் பிளாஸ்திரி வேண்டாமுங்க, வாட்சே இல்ல. மில்லுக்காரப் பொண்ணுக மத்த நாலு பேரும் இவ பேச்சத்தான் கேப்பாங்க."

ஷகிலா, "அக்கா, ஐயோ, என்னங்க்கா," என்றாள், ஆனால் கை அதற்குள் குச்சியைப் பிடித்திருந்தது. தனபால் சார் அவளுடைய இரண்டு நிறக் கயிற்றைப் பார்த்தார், ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு எண்ணை மீறி வழக்குப் பேசத் தெரியாது. "சரி, புடிம்மா," என்றார். செல்போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தார், கண்ணாடியை மறுபடி ஏற்றினார். "அம்சவேணின்னு இருக்கறத அடிச்சாச்சு. அப்ப ஷூவப் பத்தி? குரூப்புல எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. அது மெதுவா ஓடுமா, ஓடாதா?"

"ஓடுதுங்க சார். பூனக்குட்டியாட்டம் ஓடுது. ஷூ மேல ஒரு குத்தமுமில்ல. போட்டிருக்கறவளுக்குத்தான் மெதுவா ஓட மனசில்ல."

சொல்லிவிட்டாள். சூப் வண்டிக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். முகம் சூடாகிவிட்டது, கழுத்து வரைக்கும் சூடாகிவிட்டது, ஆனால் வாய் நிற்கவில்லை. "எம் பேரச் சாதாரணமா ஓடறவங்க பட்டியல்ல போட்டுருங்க. ரெண்டு மணிக்குள்ள."

தனபால் சார் பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து இன்னொரு கொடியை இழுத்தார், சிவப்பு, இரண்டு மணி என்று எழுதினது, தரையில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வருசம் ரெண்டு மணிக் கொடி யாருதுன்னு தெரியுமுங்களா? என்னுது. பதினெட்டாவது கிலோமீட்டர்ல எம் முதுகப் பாத்துட்டு, சார் கொஞ்சம் மெதுவாப் போங்கன்னு கத்துனீங்கன்னா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டன்."

"உங்க முதுகு எனக்கெதுக்குங்க சார்?" என்றாள் அம்சவேணி, வாட்சிலிருந்து பிளாஸ்திரியைச் சரக்கென்று உரித்துக்கொண்டே. "நீங்கதான் என் முதுகப் பாத்துட்டு வரப்போறீங்க."